பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு: பழகும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள்

திருப்பூர் பின்னலாடை உற்பத்தியாளர்களுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்லாத சீசன் கிடையாது. கேட்டில் தொங்கும் பலகையில் 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் உடனே தேவை' என்று அந்தத் தையல் மிஷின்களுக்கு ஆள் கேட்கும் வரி வெயிலில் வெளுத்தே போய்விட்டது. அந்தக் கேட்டுக்கு உள்ளே, அதே டெய்லர்களுக்கு எதிரே, பல வருஷமாகக் கைமடி, அதாவது டெய்லருக்குக் கையாள் வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். பீஸ் எடுத்துக் கொடுத்து, பிசிறு வெட்டி, அடுக்கி வைத்து, சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இவர்களை டெய்லராக்குவது யார் வேலை? அதைக் கேட்கத்தான் இந்த மடல். நானும் கைமடியாக உள்ளே வந்தவள்தான். இப்போது செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர்.

ஒரு கைமடி இன்றைக்கு எப்படித் தையல் பழகுகிறாள் தெரியுமா? டெய்லர் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்தில், அவர் சரி என்றால், வேஸ்ட் துணியை வைத்து மிஷினில் ஓட்டிப் பார்க்கலாம். அவ்வளவுதான் பயிற்சி. டெய்லர் நல்ல மனுஷராக அமைந்துவிட்டால் பிழைத்தாள். இல்லையென்றால் டீ வாங்கி வருவதில் தொடங்கி எதற்கெல்லாம் தலையாட்ட வேண்டிவரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தொழிலின் கல்வி முழுவதும் இப்படி ஒரு ஆளின் தயவில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படிப் பழகி வந்தவர்களும் ஓட்டத்தான் பழகுகிறார்கள். காரணத்தை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பின்னல் துணிக்கு முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி போட வேண்டும். கூர் ஊசி போட்டால் இழையை அறுத்துவிடும். ஓட்டை அப்போது கண்ணில் படாது. இரண்டு தடவை துவைத்தால் வாய் பிளக்கும், அதற்குள் சரக்கு கடல் தாண்டியிருக்கும். பாலியஸ்டர் கதை வேறு. வேகமாக ஓட்டினால் ஊசி சூடேறித் துணியே இளகும். பருத்தியில் வளர்ந்த ஊர் இது. இப்போது பையர்கள் செயற்கை இழையும் கேட்கிறார்கள், நீங்களும் புது மிஷின் இறக்குகிறீர்கள். மிஷின் வந்த அன்று மெக்கானிக்குக்கு டெமோ உண்டு. டெய்லருக்கு மட்டும் "ஓட்ட ஓட்ட வந்துடும்" என்ற ஒரே பதில். வரும்தான். வருகிற வரைக்கும் தையல் சரியில்லாமல் திருத்தத்துக்குத் திரும்பும் ஆல்டர் பீஸ் மலையாக என் மேஜையில்தான் குவியும்.

பழக்கிவிட்டால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவாளே என்பது உங்கள் பயம். நியாயமான பயம்தான். ஆனால் பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் பொருளாதார ஆய்வாளர்கள் இதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சேர விரும்பிய பெண் தொழிலாளர்களில் குலுக்கல் போட்டுச் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஓர் ஆண்டு வகுப்பு நடத்தினார்கள். தையல் பாடம்கூட இல்லை. மனதில் இருப்பதை எடுத்துச் சொல்வது, நேரத்தைத் திட்டமிடுவது, சிக்கலைத் தீர்ப்பது, இப்படிப்பட்ட விஷயங்கள்தான். படித்தவர்களின் உற்பத்தி மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடியது. வேலையை விட்டுப் போனவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. வகுப்பு முடிந்து எட்டு மாதத்துக்குள், போட்ட செலவைப்போல் சுமார் இரண்டரை மடங்கு லாபம் கம்பெனிக்குக் கிடைத்தது.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. அந்தப் பெண்களின் கூலி ஏறியது அரை சதவீதம் மட்டும். பலன் கிட்டத்தட்ட முழுவதும் முதலாளி பக்கமே தங்கிவிட்டது. ஆகவே பயிற்சி கொடுங்கள் என்று மட்டும் கேட்டு நிறுத்தினால் நான் உங்களுக்குத்தான் வேலை பார்த்தவளாவேன்.

இதில் பெரிய முட்டுக்கட்டை பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குத் தகுந்த கூலி. ஷிப்ட் சம்பளக்காரருக்கு ஒரு மணி நேர வகுப்பு பாரமில்லை. பீஸ் ரேட்டில் அடிக்கிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் அப்படியே பணம். வேலை முடிந்து இருந்து படி என்று சொல்லலாம், ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீட்டில் போய்ச் சோறு வடிக்க வேண்டியவள் எங்கே உட்காருவாள்? முந்தைய வாரங்களின் சராசரியைப் பார்த்து, வகுப்பு நேரத்துக்கும் அதே கூலியைப் போட்டுவிடுங்கள். காண்டிராக்ட்காரர் மூலம் வருகிறவர்களை இதில் விட்டுவிட்டால் பாதிப் பேர் வெளியேதான் நிற்பார்கள்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு ஒடியாவிலும் இந்தியிலும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். அளவுப் பட்டியல் ஆங்கிலத்தில், சூப்பர்வைசர் திட்டுவது தமிழில் என்றால் அவர்கள் எதைக் கற்பார்கள்? சம்பளச் சீட்டில் பிஎஃப், இஎஸ்ஐ என்று பிடிப்பது எதற்கு என்பதையும் ஒரு வகுப்பில் சேருங்கள். படித்தவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று சிலர் தயங்குகிறீர்கள். கேட்கட்டுமே.

அரசுத் திட்டங்கள் இருக்கின்றன என்பீர்கள். இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களை மனதில் வைத்தவை. ஏற்கெனவே தெரிந்த தொழிலுக்கு மதிப்பீடு செய்து சான்றிதழ் தரும் ஏற்பாடும் உண்டு, நல்ல விஷயம்தான். அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினால் கூலியில் ஒரு ரூபாயாவது ஏற வேண்டும், இல்லாவிட்டால் அது சுவரில் மாட்டும் காகிதம்.

ஆர்டர் நெருக்கடியில் இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கு மீதான வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது ஆர்டர் தள்ளிப்போய் மிஷின்கள் சும்மா கிடந்தன. ஆட்களை லீவில் அனுப்பிய அந்த நாட்களிலேயே பாலியஸ்டர் பழக்கியிருக்கலாம். ஆர்டர் குறையும் ஸ்லாக் சீசன் இனியும் வரும்.

நான் கேட்பது இதுதான். தொழிற்சங்கங்களோடு அடுத்துப் போடும் கூலி ஒப்பந்தத்தில் பயிற்சிக்கு ஒரு பிரிவு சேருங்கள்: வாரம் ஒரு மணி நேரம், வேலை நேரத்துக்குள், கூலியோடு. கைமடி எத்தனை மாதத்தில் மிஷினில் உட்காரலாம், இரண்டாவது மிஷின் பழகிய டெய்லருக்கு ஷிப்டுக்கு எவ்வளவு கூடுதல் என்பதை எண்ணாகவே எழுதிவிடுங்கள். சொல்லிக் கொடுக்கும் மூத்த டெய்லருக்கும் அந்த நேரத்துக்கு ஒரு தொகை வையுங்கள், அவருடைய பீஸும் குறையுமல்லவா.

இப்படிக்கு,
செக்கிங் பிரிவிலிருந்து ஒரு சூப்பர்வைசர்