நம் கரையின் மீன் எந்த நீரில் பிறந்தது? நீர்வாழ் வள ஆய்வு நிறுவனமான நாராவுக்கும் கடற்றொழில் திணைக்களத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

திருகோணமலைக் கரையில் புல்மோட்டை முதல் வெருகல் வரை பிடிபடும் பாரை மீன் ஒரே கூட்டமா, பல கூட்டங்களா என்பதை அறியாமல் வலைக்கண் அளவும் தடைக்காலமும் வகுப்பது முறையாகாது. குச்சவெளியில் வலைப்படும் மீன் தம்பலகாமக் குடாவின் கண்டல் வேர்களிடையே குஞ்சாக வளர்ந்ததென்றால், அந்தக் கண்டலைக் காக்காமல் குச்சவெளித் தொழிலாளரை மட்டும் கட்டுப்படுத்தி என்ன பயன்?

இதற்கு விடை மீனின் தலைக்குள்ளேயே இருக்கிறது. மூளைக்கு அருகே இருபுறமும் கிடக்கும் காதுக்கற்கள் பெரும்பாலும் அரகனைட்டு என்னும் கல்சியம் காபனேற்றால் ஆனவை. குஞ்சுப் பருவத்தில் பல இனங்களில் நாளுக்கொரு வளையமாகப் படியும் இக்கல்லை, எலும்பைப் போல உடல் மீண்டும் கரைத்து எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே நீருக்கு நீர் அளவில் வேறுபடும் ஸ்ட்ரொன்சியம், பேரியம் என்னும் தனிமங்கள் அதில் சேர்ந்தபடியே தங்கிவிடுகின்றன. கல்லை மெல்லிய சீவலாக அறுத்து மெருகேற்றி, நடுவிலிருந்து விளிம்புவரை லேசர் கற்றையால் சுரண்டி அளந்தால், நடுப்பகுதி பிறந்த நீரையும் விளிம்பு கடைசியாக வாழ்ந்த நீரையும் காட்டும். ஆற்று நீரில் பேரியம் பொதுவாகக் கூடுதலாக இருப்பதால், மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடா இவ்வாய்வுக்கு மிகப் பொருத்தமான களம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆயினும் இம்முறையை அவசரப்பட்டுக் கையாளக் கூடாது. வெப்பநிலை, உவர்ப்பு, மீனின் வளர்ச்சி வேகம் ஆகியனவும் அளவீட்டை மாற்றும். நீரின் தன்மை ஒத்திருக்கும் இரு இடங்களை இதனால் பிரித்தறிய முடியாது. வாடைக்கால வெள்ளத்தோடு குடாவின் நீரே மாறிவிடுவதால், ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு களப்பிலும் குஞ்சு மீன்களையும் நீரையும் சேகரித்து, அவ்வாண்டுக் குஞ்சுகள் வளர்ந்து வலையில் விழும்போது ஒப்பிட வேண்டும். மரபணு ஆய்வும் உடன் நடந்தால் முடிவு வலுப்பெறும்.

கற்களைச் சேர்ப்பதற்குப் பெரும் செலவு ஆகாது. மீன் வெட்டுமிடங்களில் கழிக்கப்படும் தலைகளிலிருந்தே, இனம், நீளம், பிடித்த இடம், தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கற்களை உலர்த்திச் சிறு உறைகளில் பாதுகாக்கலாம். கடற்றொழிலாளர் சங்கங்களிடம் இப்பணியைக் கேளுங்கள். பிடித்த இடத்தை அவர்களைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் எவருமில்லை. முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் கரைக்கே கொண்டுவந்து விளக்கிய பின்னரே, அடுத்த தடைக்காலத்தைத் தீர்மானிக்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
திருகோணமலைக் கடற்றொழில் குடும்பமொன்றைச் சேர்ந்தவர்