ஆண்டறிக்கை 2024: கிறவல் பாதையில் ஒரு பருவம்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், சனிக்கிழமை வேலை முறையை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எமது சைக்கிள் வட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாகச் சொல்வார். நிர்வாகக் கூட்டங்கள் வழமைபோல நடந்தன, வழமைபோலப் பிந்தித் தொடங்கின. அவற்றை விட்டுவிட்டு ஓட்டங்களுக்கே வருகிறேன்.

போன பொதுக்கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம்: இந்த ஆண்டு கார் ஓடாத பாதைகளில் மட்டும் போவது. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகருக்குள் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தேவையில்லாத கட்டுப்பாடாகத் தோன்றியது. ஆனால் வட்டத்தில் சேர்ந்தும் ஒரு நாளும் வெளிக்கிடாத அம்மாமார் சொன்ன காரணம் எப்போதும் ஒன்றுதான். சைக்கிள் ஓடத் தெரியும், பின்னால் கார் வந்தால் கை நடுங்கும். ஊரில் கரியலில் ஒரு மூட்டையும் முன்னால் ஒரு பிள்ளையுமாக உழக்கியவர்கள் இவர்கள்.

'கிறவல் பைக்' என்ற பெயரைக் கேட்டு இளையவர்கள் ஏதோ புது விளையாட்டு என்று நினைக்கிறார்கள். கிறவல் என்ற சரளைப் பாதை எங்களுக்குப் புதிதா? வன்னியில் சிவப்பு, இங்கே சாம்பல் நிறம், அவ்வளவுதான். கடையில் விலையைப் பார்த்துப் பயந்தவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். புதுச் சைக்கிள் வாங்கத் தேவையில்லை. இருக்கிற சைக்கிளில் 40 மில்லிமீட்டர் ரயர் மாட்ட இடமிருந்தால் போதும். காற்றைக் கல்லுப்போல இறுக்கி அடிக்காமல் 3 பார் அழுத்தத்துக்குள் வைத்தால் கை உளையாது.

முதல் ஓட்டம் ஜூன் நடுப்பகுதியில், வாலிஸ் மாநிலத்தின் மேல்கோடியில் உள்ள கோம்ஸ் பள்ளத்தாக்குக்கு. தொடக்கமே பிழைத்தது, பிழை என்னுடையது. கோடைப் பருவத்தில் இன்டர்சிட்டி ரயிலில் சைக்கிள் ஏற்ற முன்பதிவு கட்டாயம். எல்லோருக்கும் பயணச்சீட்டு எடுத்த நான் சைக்கிள்களுக்கு இடம் பதியவில்லை. பேர்ண் நிலைய மேடையில் சைக்கிள்களோடு நின்று நேரான ரயிலைக் கையசைத்து அனுப்பிவிட்டு, காண்டர்ஸ்டேக் வழியாகப் பழைய லோட்ச்பேர்க் மலைப்பாதை ரயிலில் போனோம். 1913இல் திறந்த பாதை அது. 2007இல் திறந்த 34.6 கிலோமீட்டர் நீளமான புதுச் சுரங்கத்தின் இருட்டுக்குள் போயிருந்தால் றோன் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்த்திருக்க முடியாது என்று நான் சமாதானம் சொன்னேன். யாரும் ஏற்கவில்லை. சரி, அடுத்த முறை கவனிக்கிறேன்.

பிறிக்கில் சிவப்புச் சின்ன ரயிலுக்கு மாறி ஓபர்வால்டில் இறங்கினோம். ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரம். அங்கிருந்து ஆற்றோடு கீழே வரலாம். ஜெனீவா வரை போகும் றோன் நதிதான் அது, ஆனால் அந்த ஊர்க்காரர் அதை றொட்டன் என்கிறார்கள். தேசிய சைக்கிள் பாதை இலக்கம் 1 அந்தப் பக்கத்தால்தான் போகிறது. பாதை கொஞ்சத் தூரம் தார், கொஞ்சத் தூரம் கிறவல். பனிக்காலத்தில் இதே வெளிகளில் பனிச்சறுக்கி நடக்கிறார்கள். உல்றிக்கனில் பழைய இராணுவ விமான ஓடுபாதை ஒன்று நீண்டு கிடக்கிறது. 2022 கோடையில் நாடு முழுவதிலுமிருந்து 30,000 அளவில் சாரணர்கள் கூடாரம் அடித்தது அந்தப் பக்கத்தில்தான். எங்கள் இளையவர்கள் அந்த ஓடுபாதையில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், முடிவு பற்றி இன்னும் தகராறு.

முன்ஸ்டர், றெக்கிங்கன் எல்லாம் வெயிலில் கறுத்த மரவீடுகளின் ஊர்கள். தானியக் களஞ்சியங்களின் கால்களுக்கு மேல் வட்டமான தட்டைக் கல் வைத்திருக்கிறார்கள், எலி ஏறாமலிருக்க. நீடர்வால்டில் எல்லோரையும் இறக்கி நிறுத்தினேன். உலகமெல்லாம் சொகுசு விடுதிகளுக்குப் பெயரான செசார் ரிட்ஸ் 1850இல் பிறந்த ஊர் அது. பதின்மூன்று பிள்ளைகள் உள்ள விவசாயக் குடும்பம். எங்களில் பாதிப்பேர் விடுதி அடுப்படிகளில் நின்று களைத்தவர்கள் என்பதால் அந்த ஊருக்குக் கொஞ்சம் மரியாதை செய்யவேண்டியிருந்தது. ஒருவர், "எங்கட வேலைக்கெல்லாம் காரணம் இவர்தானோ?" என்று கேட்டார்.

நீடர்வால்ட் சுமார் 1,250 மீட்டர். அதுவரை இறக்கம் தெரியாத இறக்கம். அதற்குக் கீழே பள்ளத்தாக்கு படியில் இறங்குவதுபோல் இறங்கி, சில கிலோமீட்டரிலேயே 200 மீட்டர் குறைந்து ஃபீஷ் வருகிறது. புதியவர்கள் நீடர்வால்டிலேயே ரயில் ஏறுவது நல்லது. இங்கேயுள்ள சின்ன நிலையங்களில் பொத்தானை அழுத்தினால்தான் ரயில் நிற்கும் என்பதை மறக்கவேண்டாம்.

கார் இல்லாத பாதை என்றால் ஒன்றுமே வராத பாதை அல்ல. புல் வெட்டும் காலத்தில் உழவு இயந்திரம் வரும், அதற்குத்தான் அந்தப் பாதையே. இறங்கி ஒதுங்கி நிற்பது நாங்கள்தான். கன்றோடு நிற்கும் பசுவுக்குக் கிட்டப் போகவேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். மின்வேலிக் கொழுக்கியைத் திறந்தவர் மூடவேண்டும். அறிவிப்புப் பலகை பற்றியும் ஒவ்வொரு ஓட்டத்திலும் வாக்குவாதம் வருகிறது, இங்கேயே தீர்த்துவிடுவோம். வெள்ளை வட்டம், சிவப்புக் கரை, உள்ளே ஒன்றுமில்லை என்றால் சைக்கிளுக்கும் தடை, இறங்கி உருட்டலாம். உள்ளே காரும் மோட்டார் சைக்கிளும் வரைந்திருந்தால் நாங்கள் ஓட்டலாம். வழிகாட்டிப் பலகை மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு, சிவப்பு என்றால் எங்களுக்கு.

ஜூன் 29, 30 புயல்மழையை எல்லோரும் அறிவீர்கள். சியேர், சிப்பிஸ் பக்கம் றோன் கரைமீறியது, கோம்ஸிலும் மலை ஓடைகள் கல்லும் சேறுமாக இறங்கின. ஜூலை ஓட்டத்தை நிறுத்தினோம். சிலர் கோபப்பட்டார்கள். சனங்கள் வீட்டுக்குள் சேறு அள்ளும்போது நாங்கள் அங்கே சைக்கிள் ஓடப் போவது சரியில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆகஸ்டின் கடைசியில் பிறிக்கிலிருந்து சியேர் வரை ஆற்றங்கரை அணைப் பாதையால் போனோம். அந்த அணைகளைக் கட்டத் தொடங்கியது 1863இல், ஆற்றை அகலமாக்கும் மூன்றாவது கட்டத் திருத்தவேலை இப்போதும் நடக்கிறது. கணக்குக்கு இறக்கம், அனுபவத்துக்கு ஏற்றம். வெயில் நாளில் மத்தியானத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கின் கீழிருந்து மேலே காற்று அடிக்கும், சரியாக எங்கள் முகத்துக்கு. பத்து மணிக்கு வெளிக்கிடவேண்டியவர்கள் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு வெளிக்கிட்டால் இதுதான் நடக்கும். லொய்க்குக்குப் பிறகு வரும் பஃபின் காடு காப்பாற்றியது. பைன் மர நிழலும் கிறவலும். ஜேர்மன் பேசும் வாலிஸ் அங்கே முடிந்து பிரெஞ்சு தொடங்குகிறது.

அன்று ஒருவருக்கு 20 பிராங் தண்டமும் விழுந்தது. 2022 ஏப்ரலிலிருந்து மின்சைக்கிளுக்குப் பகலிலும் லைற் எரியவேண்டும். வட்டம் அதைக் கட்டுமா என்று கேட்டார். கட்டாது.

செப்டெம்பரில் மறுபடியும் கோம்ஸ். இந்த முறை அம்மாமாருக்காக மட்டும், ஓபர்வால்டிலிருந்து நீடர்வால்ட் வரை. சில இடங்களில் மழை கொண்டுவந்த கல் இன்னும் ஓரத்தில் குவிந்து கிடந்தது. ஃபூர்கா, கிரிம்செல், நூஃபெனன் மூன்று கணவாய்களுக்கும் போகும் மோட்டார் சைக்கிள்கள் பெருந்தெருவில் உறுமிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் நாங்கள் இருவர் இருவராகக் கதைத்துக்கொண்டு போனோம். முப்பது வருடமாகச் சைக்கிளைத் தொடாத ஒரு அக்கா முதல் பாலம் வரை உருட்டினார், பிறகு ஏறினார், அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. என்னைக் கேட்டால் வட்டத்தின் இந்த ஆண்டு அதுதான்.

அதனால் வரும் ஆண்டுக்கு ஃபூர்கா கணவாய் ஏறவேண்டும் என்ற இளையவர்களின் தீர்மானத்தை எதிர்க்கிறேன். 2,429 மீட்டர் உயரத்துக்கு ஏற ஆசையென்றால் தனியாகப் போங்கள், வட்டத்தின் ஞாயிறுகள் பள்ளத்தாக்கிலேயே இருக்கட்டும். வாக்கெடுப்பில் தோற்றால் ஏற்றுக்கொள்வேன், ஆனால் ஏற மாட்டேன்.

பாதைகள் பற்றி ஒரு நல்ல செய்தி. 2018இல் 73.6 வீத வாக்கோடு மக்கள் ஏற்றதன் பலனாக வந்த சைக்கிள் பாதைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநிலங்கள் ஐந்து வருடத்துக்குள் திட்டத்தை வரையவேண்டும், 2042க்குள் பாதைகள் அமையவேண்டும். திட்டம் வரையும் இந்தக் காலத்தில் ஆங்காங்கே கருத்துக் கேட்பார்கள். வாக்குரிமை இல்லாதவர்களும் எழுதிக் கொடுக்கலாம். ஜேர்மனில் எழுதப் பிள்ளைகளின் உதவி தேவை, பெயர் தர விரும்பும் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரவும்.

கடைசியாக, வட்டத்தின் நின்று அடிக்கும் காற்றுப் பம்பை செப்டெம்பர் ஓட்டத்துக்குப் பிறகு யார் காரில் ஏற்றினோம் என்று தெரியவில்லை. வீட்டில் இருந்தால் தயவுசெய்து மார்ச் மாதத்துக்கு முன் கொண்டுவந்து தரவும்.

நன்றி.
செயலாளர்