பாப்பாவை யாரிடம் விட்டுவிட்டு வரட்டும்? மார்ச் 8 கூட்டம் நடத்தும் தோழிகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள தோழிகளே,

ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி கடைசியில் மகளிர் தினக் கூட்டத்துக்கு உங்கள் அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். வீட்டை விட்டு வெளியே வாருங்கள், சம உரிமைக்குக் குரல் கொடுங்கள், அம்மாக்கள் எல்லாரும் திரண்டு வாருங்கள். நான் வருகிறேன். போன முறையும் வந்தேன், இரண்டு வயது முடியாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மனசு கனத்துப்போயிருந்தது, அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

என் வீடு பெங்களூரு ஈஜிபுராவில். அங்கிருந்து மெஜஸ்டிக் பஸ் ஏறினால் கூட்டம் நடக்கிற ஃப்ரீடம் பார்க் வந்துவிடலாம். 2023 ஜூனில் பெண்களுக்கு இலவச பஸ் தரும் சக்தி திட்டம் வந்த பிறகு பஸ் செலவும் இல்லை. எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு பேசும் பெண்கள் நிறையப் பேர், பாதிக்குப் பாதி கார்மெண்ட்ஸ், மீதிப் பேர் வீட்டு வேலை. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருத்திகூட "எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லவில்லை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை மணிக்கு முடியும், பிள்ளையை என்ன பண்றது?" எனக்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் உங்கள் நோட்டீஸில் அது இல்லை. கடைசியில் நான் மட்டும் வந்தேன்.

மதியம் 3 மணி என்று போட்டிருந்தது. ஆரம்பித்தது 4:40-க்கு. உங்களுக்கு அது ஒரு மணி நாற்பது நிமிடத் தாமதம். குழந்தை வைத்திருப்பவளுக்கு அது மதியத் தூக்கம் போனது, கொண்டுவந்த பால் தீர்ந்தது, இரண்டாவது டயப்பர் நனைந்தது. மேடையில் முதல் ஆள் மைக்கைப் பிடித்தபோது என் பை காலி. தமட்டைப் பறை அடிக்க ஆரம்பித்தார்கள், பாப்பா வீறிட்டு அழுதாள், நான் சுவரோரமாக ஒதுங்கினேன்.

டயப்பர் மாற்ற இடம் தேடினேன். கழிவறை வாசலில் நீளமான வரிசை, உள்ளே தரை முழுக்க ஈரம். கடைசியில் நிறுத்தி வைத்திருந்த போலீஸ் வண்டிக்குப் பின்னால், மண் தரையில் என் துப்பட்டாவையே விரித்துப் பாப்பாவைப் படுக்க வைத்தேன். போகிற வருகிற ஆட்கள் பார்க்கிறார்கள். அப்போது பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்து எதுவும் கேட்காமல் எனக்கு முதுகு காட்டி, கையை இடுப்பில் ஊன்றி, மறைவாக நின்றார். நான் முடித்து எழுந்ததும் கன்னடத்தில் சொன்னார், எனக்கும் இதே வயசில் ஒண்ணு இருக்கு, காலையில் 6 மணிக்கு விட்டுட்டு வந்தேன், இன்னும் பார்க்கலை என்று. அன்று அந்த இடத்தில் என்னையும் ஒரு தாயாக நினைத்து ஒருவர் செய்த உதவி அது ஒன்றுதான். செய்தவர் நம் கூட்டத்தைக் கண்காணிக்க வந்தவர்.

உங்கள் பக்கத்திலிருந்து என்னிடம் வந்தவர்கள் இரண்டு பேர். ஒரு தங்கை, தொண்டர் பட்டை கட்டியிருந்தாள், நல்ல மனசோடுதான் சொன்னாள், "அக்கா, இந்த வெயில்ல குழந்தையைத் தூக்கிட்டு ஏன் வந்தீங்க, பாவம்." இன்னொருவர் கேமராவோடு வந்தார். பாப்பா கையில் ஒரு அட்டையைக் கொடுத்து நாலைந்து படம் எடுத்தார். என்னைக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து அந்தப் படம் என் நாத்தனார் கைபேசி வரைக்கும் வந்து, குழந்தையை ரோட்டில் வைத்து அரசியல் பண்ணுகிறாள் என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு. என் முகத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் மகளின் முகம் எங்கே போகிறது என்பதைச் சொல்ல வேண்டியது நான்தானே?

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கோஷம் போடுகிற படம் எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் அங்கே மூன்று மணி நேரம் நிற்பதற்கு என்ன வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நாம் கம்பெனிகளைப் பார்த்துக் கேட்கிறோமே, குழந்தைக் காப்பகம் எங்கே என்று. 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் காப்பகம் வேண்டும் என்று எழுதி வைத்தது, 1976 திருத்தத்துக்குப் பிறகு 30 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்திலேயே. 2017-இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை செய்கிற இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றார்கள். இதை அமல்படுத்தச் சொல்லித்தான் நம் மேடையிலும் பேசுகிறோம். அன்று நம் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர்? 30 இல்லை, பல நூறு. காப்பகம் எங்கே?

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

அம்மா 17 வருடம் ஓசூர் ரோட்டில் கார்மெண்ட்ஸில் டெய்லர். 2016 ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பி.எஃப்.-இல் முதலாளி போடுகிற பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருந்த நேரம். கார்மெண்ட்ஸில் 58 வயது வரை யார் மிஷினில் உட்கார முடியும்? கண்ணும் இடுப்பும் 40-லேயே போய்விடும். அந்தப் பணம்தான் பிள்ளையின் காலேஜ், பெண்ணின் கல்யாணம், வீட்டு லீஸ். பொம்மனஹள்ளியில் பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு ரோட்டுக்கு வந்தார்கள், ஒரு ஃபேக்டரியைப் பார்த்து இன்னொன்று, அப்புறம் ஜாலஹள்ளி, மைசூர் ரோடு என்று ஊர் முழுக்க. எந்தச் சங்கமும் தேதி குறிக்கவில்லை. "யாரும் கூப்பிடலடி, பக்கத்து லைன்காரி எழுந்தா, நானும் எழுந்தேன்" என்பாள் அம்மா. அடியும் பட்டார்கள், கண்ணீர்ப்புகையும் பார்த்தார்கள். 19-ஆம் தேதி அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. இரண்டே நாள். இந்த ஊரில் அம்மாக்கள் திரண்ட கூட்டம் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். நான் அப்போதுதான் பியூசி, அதாவது பிளஸ் டூ, பரீட்சை எழுதி முடித்திருந்தேன். தம்பிக்கு 8 வயது. இரவு 10 மணி வரை அம்மா வரவில்லை, போனும் எடுக்கவில்லை. நான் சோறு வடித்தேன், தம்பிக்கு ஊட்டினேன், அழுதவனை மாடியில் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ரோட்டில் நிற்க முடிந்தது, வீட்டில் நான் இருந்ததால். அன்று ரோட்டில் நின்ற ஒவ்வொரு அம்மாவுக்கும் பின்னால் இப்படி ஒரு ஆள் இருந்திருப்பாள், ஒரு மகளோ கிழவியோ பக்கத்து வீட்டுக்காரியோ. அந்த ஆள் இல்லாதவள் அன்று என்ன செய்திருப்பாள் என்று இப்போது யோசிக்கிறேன், ஏனென்றால் இப்போது அந்த ஆள் இல்லாதவள் நான். அம்மாவுக்கு முட்டி வலி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பாப்பா பின்னால் ஓட முடியாது. கணவர் கேப் ஓட்டுகிறார், விடுமுறை நாளில்தான் சவாரி அதிகம்.

அடுத்த வருடம், 2017 ஜனவரி 21. பிரிகேட் ரோட்டிலும் எம்.ஜி. ரோட்டிலும் புத்தாண்டு இரவில் பெண்களுக்கு நடந்த அசிங்கத்துக்குப் பிறகு, "நான் வெளியே போவேன்" என்று நாடு முழுக்கப் பல ஊர்களில் பெண்கள் நடந்தார்களே, அதில் நானும் இருந்தேன். வாஷிங்டனில் லட்சக்கணக்கான பெண்கள் பேரணி போனதும் அதே நாள்தான். காலேஜ் முதல் வருடம், தோழிகளோடு கை கோத்துக்கொண்டு வேகமாக நடந்தோம். எங்களுக்குப் பின்னால் ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்தார், கொஞ்ச தூரம் வரை தெரிந்தார், அப்புறம் காணவில்லை. நான் அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

பிள்ளையோடு வந்தால் ஏன் வந்தாய் என்பார்கள், விட்டுவிட்டு வந்தால் எப்படி விட்டாய் என்பார்கள். டெல்லி ஷாஹீன் பாக்கில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் பெண்கள் உட்கார்ந்திருந்தபோது, தாயோடு அங்கே வந்துபோன நாலு மாதக் குழந்தை ஒன்று ஜனவரி குளிரில் இறந்துபோனது. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தானாகவே அதைக் கையில் எடுத்து, நாலு மாதக் குழந்தை போராட்டத்துக்குப் போகுமா என்று கேட்டது. அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை, என் மடியிலும் குழந்தை இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பம் வசித்தது பிளாஸ்டிக் ஷீட்டும் துணியும் போட்ட குடிசையில். அதே குளிர் அந்தக் குடிசைக்குள்ளும் இருந்தது, அதைக் கேட்க யாரும் வரவில்லை. கேள்வி தாயிடம் மட்டும்தான் வருகிறது. தோழிகளே, கோர்ட்டும் நாத்தனாரும் கேட்பதை நான் தாங்கிக்கொள்வேன். நம் தொண்டர் பட்டை கட்டிய தங்கையும் அதையே கேட்டதுதான் வலித்தது.

செய்ய முடியாத காரியமா இது? ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று பெண்கள் ஒரு நாள் எல்லா வேலையையும் நிறுத்தினார்கள், ஆபீஸ் வேலை, சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாம். 90 சதவீதம் பேர் என்கிறார்கள். இரண்டே கால் லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் தலைநகரத்தில் மட்டும் 25,000 பேர் கூடினார்கள். அம்மாக்கள் எப்படி வந்தார்கள்? அன்று குழந்தைகள் அப்பாக்களோடு வேலைக்குப் போனார்கள். வானொலியில் செய்தி வாசிக்கும்போது பின்னால் குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்டதாம். பிள்ளையை யார் பார்ப்பது என்பதை அவர்கள் போராட்டத்துக்கு வெளியே வைக்கவில்லை, அதுவே போராட்டமாக இருந்தது. மறு வருடம் சமத்துவச் சட்டம் வந்தது.

அவ்வளவு தூரம் வேண்டாம், பக்கத்துக் கேரளம். 2019 ஜனவரி 1, காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை 620 கிலோமீட்டருக்குப் பெண்கள் வரிசையாக நின்ற "பெண்கள் சுவர்". அரசே பின்னால் நின்று நடத்தியது, அதில் ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: சுவர் அவர்கள் ஊர் வழியாக வந்தது. பக்கத்து நெடுஞ்சாலைக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்று, உறுதிமொழி எடுத்து, வீட்டுக்குப் போய்விடலாம். அதனால்தான் கைக்குழந்தைக்காரிகளும் வரிசையில் நின்றார்கள்.

நமக்கு ரோட்டில் நடக்கவே இடமில்லை என்பது தெரியும். 2021-இல் போலீஸ் போட்ட உத்தரவுக்குப் பிறகு இந்த ஊரில் எந்தப் போராட்டமும் ஃப்ரீடம் பார்க்குக்குள்தான். அது அநியாயம், அதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே இடத்தில் உட்காருகிற கூட்டத்தில் குழந்தைகளுக்கு ஒரு மூலை ஒதுக்குவது சுலபம்தானே? அங்கன்வாடி ஊழியர்கள் ஊர் ஊராக வந்து நாள் கணக்கில் அங்கே ராத்திரி பகல் கிடந்தார்களே, 2023 ஜனவரியில் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை கேட்டு. நான் ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அடுப்பு ஒரு பக்கம், பைகளைத் தலைக்கு வைத்துப் படுத்தவர்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு மரக்கிளையில் நீலப் புடவையில் தூளி. ஒரு பெரியம்மா அதை ஆட்டிக்கொண்டே மேடைக் கோஷத்துக்குப் பதில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார், ஆட்டுகிற கை நிற்கவே இல்லை. குழந்தை அவருடையது இல்லை. தாய் மேடையில் இருந்தாள்.

அதனால் கேட்கிறேன். நேரத்தைச் சரியாகப் போடுங்கள், போட்ட நேரத்துக்கு ஆரம்பியுங்கள், முடியும் நேரத்தையும் நோட்டீஸில் போடுங்கள். கன்னடம், ஆங்கிலத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் நாலு வரி போடுங்கள், அதில் "குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு" என்பது ஒரு வரியாக இருக்கட்டும். அந்த ஒரு வரிக்கு எங்கள் தெருவிலிருந்து பத்துப் பேர் வருவார்கள், நான் கூட்டி வருகிறேன். தமட்டைக்கும் ஸ்பீக்கருக்கும் தள்ளி நிழலில் இடம் வேண்டும். ஒரு தடுப்புத் துணி, தண்ணீர், ஒரு பாய், பால் கொடுக்க ஒரு நாற்காலி. கேட்காமல் எந்தக் குழந்தையையும் படம் எடுக்க வேண்டாம். என்றைக்காவது மறுபடி ரோட்டில் நடக்க விட்டால் கைக்குழந்தைக்காரிகளை முன் வரிசையில் விடுங்கள், அவர்கள் வேகம்தான் கூட்டத்தின் வேகமாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஆதரவு சொல்ல வருகிற ஆண்கள். நிறைய வருகிறார்கள், சந்தோஷம்தான். பேனர் பிடிக்க நாங்கள் இருக்கிறோம், மேடையில் பேசவும் இருக்கிறோம். அவர்களைப் பாயில் உட்காரச் சொல்லுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்களாக, இரண்டிரண்டு பேராக, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில். மூக்கு ஒழுகினால் துடைக்கட்டும், பிஸ்கட் கொடுக்கட்டும், அழுதால் தோளில் போட்டு நடக்கட்டும். என் கணவரிடமும் பேசிவிட்டேன், அடுத்த மார்ச் 8 அரை நாள் சவாரி எடுப்பதில்லை என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். முதல் ஆளாக அவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

பாயும் தண்ணீர் கேனும் நான் கொண்டு வருகிறேன். தூளிக்கு அம்மா தன் பழைய காட்டன் புடவையை எடுத்து வைத்துவிட்டாள், தானும் வருகிறாளாம், உட்கார்ந்த இடத்திலேயே ஆட்டுவாளாம். நல்ல கிளையாக ஒரு மரம் மட்டும் பார்த்து வையுங்கள்.

அன்புடன்,
ஈஜிபுராவிலிருந்து ஒரு அம்மா