அம்மாவின் விரல் ஏன் மரத்தது என்று தமிழில் சொல்லுங்கள்

பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவு நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மலேசியாவில் பகாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் இருட்டோடு பஸ் ஏறி உங்களிடம் வருவது உங்களுக்குத் தெரிந்ததே.

என் அம்மா முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நிணநீர்ப் புற்றுக்காக 21 நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொள்கிறார். போன மாதம் அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கினார். சுட்டதே தெரியவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியதைப் பார்த்து நான்தான் கத்தினேன். அப்புறம்தான் சொல்கிறார், இரண்டாவது ஊசியிலிருந்தே விரல் நுனி மரத்துக் கிடக்கிறதாம், ரவிக்கை ஊக்குகூட மாட்ட முடியவில்லையாம். "கத்தி புடிச்ச கைதானே, வயசாச்சு" என்று இருந்துவிட்டார். மிஸ்ஸி (நர்ஸ்) மலாய் மொழியில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார்.

அந்த மருந்து வின்கிரிஸ்டின். செல் இரண்டாகப் பிரியும்போது, மரபுச் செய்தியைத் தாங்கும் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க உள்ளே மெல்லிய குழல்கள் உருவாகும். அவற்றைச் சேரவிடாமல் மருந்து தடுப்பதால் புற்றுச்செல் பாதியில் நின்று சாகிறது. நரம்புக்குள் விரல் நுனிவரை அதற்குத் தேவையான பொருள்கள் போகிற பாதையும் அதே குழல்கள்தான். அதனால்தான் நீளமான நரம்புகள் முதலில் அடிபடுகின்றன. சீக்கிரம் சொன்னால் டாக்டர் அளவைக் குறைக்கலாம். இதை அம்மாவுக்கு ஐந்தே நிமிடத்தில் விளக்கினேன். "பட்டையை ஆழமா வெட்டினா மரத்துக்கே காயம் படுமே, அப்படியா?" என்று கேட்டார்.

இவருக்கா புரியாது என்று விட்டுவிட்டீர்கள்?

அமெரிக்காவில் 1963இலேயே அனுமதி பெற்ற மருந்து இது. இந்தப் பக்கவிளைவு உங்களுக்குப் புதிதல்ல. மருந்து எடுக்கப்படும் நித்தியகல்யாணி எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) கோயிலோரம் பூத்துக் கிடக்கிறது. அதன் இலையை அவித்துக் குடிக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து கொடுத்தார். அது விஷம், குடிக்காதீர்கள் என்று உங்கள் வார்டில் ஒருவராவது தமிழில் சொல்லியிருக்க வேண்டாமா? தோட்டத்து ஜனம் என்றால் கையெழுத்து வாங்கினால் போதும் என்பதைப் பள்ளியில், தோட்டத்துக் கணக்கர் கிராணியின் ஆபீசில், எல்லா இடத்திலும் பார்த்துவிட்டோம். ஊசி குத்துகிற இடத்திலுமா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதும் நீங்கள்தான், அதை மறக்கவில்லை. நான் கேட்பது தமிழில் ஒரு பக்கத் தாள்: மருந்து செல்லுக்குள் என்ன செய்கிறது, விரல் மரத்துப்போனால் யாரிடம் சொல்வது. படிக்கத் தெரியாதவருக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். அம்மாவின் அடுத்த ஊசிக்கு முன் அந்தத் தாள் கிடைக்குமா? தயவுசெய்து பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்