மோனாலுக்கு முதல் அட்டவணை, கீடா ஜடிக்கு?

மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். சமீபத்தில் ஒரு வன உயிரின வாரக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வாசலிலேயே ஆளுயரத்துக்கு இமயமலை மோனாலின் படம். புழுவின் உடலில் முளைக்கும் இமயமலைப் பூஞ்சையான கீடா ஜடியைப் பற்றி ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். "அது மருந்துச் சரக்கு சார், இங்கே வராது" என்றார்கள்.

மோனால் மேல் எனக்கு வருத்தமில்லை. உத்தராகண்டின் மாநிலப் பறவை. கொண்டை இறகுக்காக அதைச் சுட்டுத் தள்ளிய காலம் உண்டு. இன்று, எந்த உயிருக்கு எவ்வளவு அழிவு ஆபத்து என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் பெரிய கவலை இல்லாத இனம். உங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணை. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை. நல்லது, இருக்கட்டும். அதே மலையில் இன்னும் மேலே, புல்வெளியில் முளைக்கும் கீடா ஜடிப் பூஞ்சை 2020இல் அழியக்கூடிய இனங்களின் வரிசையில் சேர்ந்தது. 15 ஆண்டுகளில் குறைந்தது 30 சதவீதம் சரிவு என்கிறது அதே பட்டியல். அதற்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

பனி உருகும் மே, ஜூனில் பித்தோராகர், சமோலி பக்கத்துக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மேலேறுகிறார்கள். மண்ணுக்குள் செத்த புழுவின் தலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பழுப்புக் குச்சி அது. புல்லோடு புல்லாகக் கிடப்பதால் முழங்காலிலும் முழங்கையிலும் ஊர்ந்துதான் தேட வேண்டும். புழு கெட்டியாக இருக்கும்போதே எடுத்தால்தான் விலை. வித்து தூவட்டும் என்று விட்டுவைத்தால் சரக்கு மட்டமாகிவிடும், அல்லது பின்னால் வருபவர் பிடுங்கிக்கொள்வார். கிலோ பல லட்சம் போகும்போது யார் விட்டுவைப்பார்கள்? ஆண்டு வருமானமே அதுதான் என்றிருக்கும் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வித்து விழ நேரம் ஒதுக்கித் தராத சட்டத்தைத்தான் சொல்கிறேன்.

பூஞ்சைகளையும் வன உயிரினச் சட்டத்தில் சேருங்கள். கேட்பது இவ்வளவுதான்.

பூஞ்சை தாவரமல்ல என்று உயிரியலாளர் விட்டேக்கர் 1969இலேயே தனி உலகமாகப் பிரித்துவிட்டார். நம் சட்டம் வந்தது 1972இல். சரி, மூன்று ஆண்டில் செய்தி டெல்லிக்கு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2022இல் அட்டவணைகளையெல்லாம் கலைத்து அடுக்கினீர்களே, அப்போதுமா? சிலி நாடு தன் சுற்றுச்சூழல் சட்டத்தில் பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிட்டது. இங்கே மோனாலின் இறகோ புலியின் வரிக்கோடோ இல்லாத உயிர் மருந்துச் சரக்காகவே இருக்க வேண்டும் போல.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. ஒரேயடியாகத் தடை போடச் சொல்லவில்லை. போட்டால் கடத்தல்காரர்கள்தான் கொழிப்பார்கள். பூஞ்சைக்குத் தனி அட்டவணை வேண்டும். பறிக்கும் பருவத்தையும், ஆண்டுக்குச் சில புல்வெளிகளுக்கு ஓய்வையும் கிராமத்துக் காடுகளைக் கவனிக்கும் வன பஞ்சாயத்துகளோடு பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த திருத்தத்திலாவது பூஞ்சைகளைச் சட்டத்தில் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மோனாலையும் பிடித்த ஒரு குடிமகன்