வெள்ளைச் சட்டைப் பையனும் நெருஞ்சி முள்ளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், அமெரிக்காவில் மதம் பரப்ப வீடு வீடாக வந்து மணியடிக்கும், மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் இளைஞர்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை மொபைலில் படித்தேன். ‘சம்பளத்துக்கு ஆள் பிடிப்பவர்கள், பிடித்த நாட்டுக்கு ஓசியில் சுற்றுலா போகிறவர்கள்’ என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். அவர் கேள்விப்பட்டதை எழுதியிருக்கலாம். மூன்று மாதமாக அரிசோனாவின் மேசா நகரில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் நான், ஐந்து வாரமாக அப்படி ஒரு பையனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசல் தாண்டாதவன். மதம் மாறும் எண்ணம் எனக்குக் கிடையாது. அந்தப் பையனுக்கும் அது தெரியும்.

முதல் தடவை அவர்கள் வந்தபோது மணி காலை பதினொன்று இருக்கும். இரண்டு பேர். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. பட்டையில் முதல் பெயர் இல்லை. ‘எல்டர்’ என்று போட்டு குடும்பப் பெயர் மட்டும். எல்டர் என்றால் மூப்பர். பையனுக்கு வயது பத்தொன்பது. அவன் மூப்பர், அறுபத்தேழு வயது நான் வெறும் சார். வீட்டில் மருமகள் மட்டும்தான் இருப்பாள் என்று நினைத்து வாசற்படியிலேயே நின்றார்கள். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குள் போகக்கூடாது என்பது அவர்களுக்கு விதியாம். நான் எழுந்து போய், “இப்போ நேரமில்லை தம்பி, அப்புறம் பார்க்கலாம்” என்றேன். நம்மிடம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றால் ‘வேண்டாம்’ என்று பொருள். இந்தப் பையன் பையிலிருந்து போனை எடுத்து, “வியாழக்கிழமை சரியா சார்?” என்று குறித்துக்கொண்டான். வியாழன் அன்று வந்தும் விட்டான். அன்றும் நான் ஏதோ சொல்லி அனுப்பினேன். அடுத்த செவ்வாயும் வந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. இவனுடைய பின்சக்கரத்தில் காற்றே இல்லை. டயரைத் திருப்பிப் பார்த்தேன். சார், நம்ப மாட்டீர்கள், நெருஞ்சி முள்! நம் ஊர் வரப்பில் கிடக்கிற அதே நெருஞ்சி. இங்கே அதை ஆட்டுத்தலை என்கிறார்கள். பார்த்தால் இரண்டு கொம்போடு ஆட்டுத்தலை மாதிரிதான் இருக்கிறது. தபால்காரனாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி எழுத்தர் ஆவதற்கு முன் பதினொரு வருஷம் சைக்கிள் மிதித்தவன் நான். சும்மா இருக்க முடியுமா? இரண்டு ஸ்பூன் காம்பால் டயரை நெம்பி, ட்யூபை வாளித் தண்ணீரில் அமுக்கினேன். நான்கு இடத்தில் குமிழ் வந்தது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்கிறவரை ஊதாமல் பொறுமையாக இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவன் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கூட்டாளி இரண்டடி தள்ளி நின்றான். இரண்டு பேரும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் எட்டுகிற தூரத்தில்தான் எப்போதும் இருக்கவேண்டுமாம்.

என் மனைவி காபி கொண்டுவந்தாள். வேண்டாம் என்று இருவரும் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள். காபி, டீ, மது, புகையிலை எதுவும் கூடாது என்ற அவர்கள் சபையின் கட்டுப்பாடு 1833இலிருந்து இருக்கிறதாம். காபி மறுக்கிறவனை என்ன சொல்லி உபசரிப்பது என்று அவள் திகைத்துப்போய், கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள்.

அன்று பேச்சுவாக்கில் தெரிந்தது இது. பையனுக்கு இடாஹோ மாநிலம். உருளைக்கிழங்கு விளையும் பூமி. இவனுக்கு ஒதுக்கிய இடம் மேசா அல்ல, பிரேசிலின் ஃபோர்டலேசா. ஊரை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. விண்ணப்பம் போடுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் சபைத் தலைமை எங்கே என்று சொல்கிறதோ அங்கே இரண்டு வருஷம், பெண்கள் என்றால் பதினெட்டு மாதம். யூட்டாவின் ப்ரோவோ பயிற்சி மையத்தில் ஆறு வாரம் போர்ச்சுகீசு படித்துவிட்டான். விசா வரவில்லை. வருகிறவரை இங்கே தற்காலிகமாகப் போட்டிருக்கிறார்கள். விசாவுக்குக் காத்திருப்பவர்களை இப்படி உள்நாட்டிலேயே ஓரிடத்துக்கு அனுப்புவது அவர்களிடம் வழக்கம்தானாம்.

கட்டுரையாளர் சொன்ன சம்பளத்துக்கு வருகிறேன். ஒரு டாலர் சம்பளம் இல்லை. இவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். மாதம் 400 டாலராக இருந்ததை 2020 ஜூலையிலிருந்து 500 ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பையன் பள்ளி விடுமுறைகளில் வயலில் நீர்ப்பாசனக் குழாய்களைத் தூக்கி நகர்த்தும் கூலி வேலைக்குப் போய்ப் பாதி சேர்த்திருக்கிறான். மீதி அப்பா.

அவன் முதல் வாரம் முழுக்கப் பெட்டியைப் பிரிக்கவே இல்லையாம். மேலாக இருந்த இரண்டு சட்டைகளையே துவைத்துத் துவைத்துப் போட்டிருக்கிறான். “பிரித்து அடுக்கினால் விசா வராது என்று தோன்றியது” என்றான். எனக்குச் சட்டென்று லீவ் ரிசர்வ் நாட்கள் நினைவுக்கு வந்தன. அஞ்சல் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். எந்த ஆபீசில் ஆள் லீவோ அங்கே போய் உட்காரவேண்டும். பதினேழு நாள் ஓர் இடம், ஒன்பது நாள் ஓர் இடம். மேஜை இழுப்பறைச் சாவி உனக்கு இல்லை. கவுன்ட்டருக்கு வருகிறவர், “பழைய சார் எப்போ வருவார்?” என்பார். இவனிடமும் அப்படித்தான். இதற்கு முன் இருந்த பையன்கள் எழுதி வைத்த பெயர்ப் பட்டியலோடு கதவைத் தட்டினால், “முன்னாடி வந்த உயரமான பையன் எங்கே?” என்கிறார்களாம். இவன் குள்ளம் வேறு.

காலை ஆறரைக்கு எழுந்து, உடற்பயிற்சி, படிப்பு. அதில் போர்ச்சுகீசு ஒரு மணி நேரம். இங்கே அவனோடு அந்த மொழி பேச ஆளில்லை. கூட்டாளிக்குத் தெரியாது. பகல் முழுக்க இங்கிலீஷ். ஆறு வாரத்தில் படித்தது ஒழுகிப்போகிறதே என்றுதான் அவனுக்குப் பயம். ஒருநாள் சகோதரி என்பதற்கான சொல்லைச் சொல்லிக்காட்டினான். ‘இர்மா’ மாதிரி வருகிறது, ஆனால் கடைசி ஒலி மூக்கில் போய் நிற்கவேண்டும். அவனுக்கு வாயிலேயே நின்றது. நான் ‘வந்தான்’ என்பதைப் பேச்சில் சொல்வது போலச் சொல்லிக்காட்டினேன். நாம் அந்தக் கடைசி ‘ன்’னை விழுங்கி மூக்கில் விட்டுவிடுகிறோம் அல்லவா, அதே ஒலி. ‘வந்தான், போனான்’ என்று பத்துத் தடவை சொல்லவைத்தேன். பதினோராவது தடவை ‘இர்மா’ சரியாக விழுந்தது. பிரேசில்காரர் கேட்டால் எங்கே படித்தாய் என்று விசாரிக்கக்கூடும், அது அவன் பாடு.

திங்கட்கிழமை அவர்களுக்கு ஓய்வு மாதிரி. துணி துவைப்பது, மளிகை வாங்குவது, வீட்டுக்குப் போன் பேசுவது. 2019 பிப்ரவரிக்கு முன்பென்றால் அம்மாவிடம் வருஷத்துக்கு இரண்டு தடவைதான், கிறிஸ்துமசுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாரம் ஒருமுறை. “முதல் வாரம் நான் பேசவே இல்லை, அம்மாதான் பேசினார்கள்” என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இந்த மேசா நகரமே 1878இல் அவர்கள் சபையார் வந்து அமைத்ததுதான். பழங்குடிகள் வெட்டிவைத்த பழைய வாய்க்கால்களைச் சீர்செய்து வெள்ளாமை பார்த்திருக்கிறார்கள். 1927இலிருந்து அவர்கள் சபையின் பெரிய கோயிலும் இருக்கிறது. அதனால் பாதிக் கதவைத் தட்டினால், “நாங்களும் உங்கள் ஆள்தான், சாப்பிட வாங்க” என்கிறார்களாம். மீதிப் பாதி, என்னைப் போல, “அப்புறம்.”

கட்டுரையாளரின் ஒரு கருத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. கதவைத் தட்டி மதம் பேசுவது எனக்கும் பிடிக்கவில்லை. நம் வீட்டு வாசல் நம்முடையது. ஆனால் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடலாம், அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்று பஞ்சர் ஒட்டி முடித்ததும் நான் அப்படித்தான் சொன்னேன். “சரி சார், சைக்கிளுக்கு மட்டும் வரலாமா?” என்றான். சம்பளம் பற்றிய அந்த வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் போடுங்கள்.

பெட்டியை மூன்றாவது வாரம் பிரித்துவிட்டான். அடுத்த இடமாற்ற அறிவிப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருவதாம். அதையும் அவர்கள் ‘டிரான்ஸ்ஃபர்’ என்றுதான் சொல்கிறார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மணியடித்தது. விசா வரவில்லை. இந்தத் தடவை முன்சக்கரம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
முகாம்: மேசா, அரிசோனா.