சட்டப் புத்தகத்தில் ஒரு கொல்லன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 31 ஆண்டுகளாகப் பூட்டு, சாவி வேலை செய்கிறவன். சட்டம் படித்தவனல்ல. ஆனால் என் தொழிலுக்கு உறவுக்காரன் ஒருவன் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான் என்பது போன வருடம்தான் தெரிந்தது.

நம் நாட்டின் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 32-ஆம் பிரிவில், கொள்ளைக் கூட்டத்திடம் சிக்கிய கொல்லன் உதாரணமாக வருகிறான். இப்போதே கொன்றுவிடுவோம் என்று மிரட்டி, அவன் கருவிகளாலேயே ஒரு வீட்டுக் கதவை உடைக்க வைக்கிறார்கள். அவன் குற்றவாளி இல்லை என்கிறது சட்டம். கொலைக்கும், மரண தண்டனைக்குரிய அரசு விரோதக் குற்றங்களுக்கும் இந்த விலக்கு கிடையாது. அடிக்குப் பயந்து கூட்டத்தில் சேர்ந்தவனுக்கும் கிடையாது. அது கொஞ்சம் கடுமைதான், இருக்கட்டும்.

எனக்கு நடந்தது வேறு. ஒரு நாள் கடை சாத்தும் நேரத்தில் இரண்டு பேர் வந்து, ஒரு வீட்டைத் திறக்க வேண்டும் என்றார்கள். அடையாள அட்டை கேட்டேன். (அதைப் பார்க்காமல் நான் கிளம்புவதே இல்லை.) ஒருவன் சிரித்துக்கொண்டே, "உங்க பேத்தி டியூஷன் முடிஞ்சு எத்தனை மணிக்கு வரும்னு எங்களுக்குத் தெரியும்ணே" என்றான். கத்தி இல்லை, கை ஓங்கவில்லை. நல்லவேளை, பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் பேச வந்தார். இருவரும் நழுவிவிட்டார்கள். காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அவர் வராதிருந்தால் நான் போயிருப்பேன். திறந்தும் கொடுத்திருப்பேன். 32-ஆம் பிரிவு என்னைக் காப்பாற்றியிருக்காது. அது கேட்பது உடனடி மரண பயம். அதுவும் காரியத்தைச் செய்கிறவனின் உயிருக்கே. நாளைக்கு என்ற மிரட்டலும் பேத்தியின் உயிரும் அதன் கணக்கில் வராது. பெரிய கேட்டைத் தடுக்க நல்லெண்ணத்தில் செய்தது என்று 19-ஆம் பிரிவின்கீழ் வாதாடிப் பார்க்கலாம் என்றார் தெரிந்த வக்கீல். அந்தப் "பார்க்கலா...ம்" அவர் வாயில் இழுபட்டதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனம், இன்னொருவருக்கு வரும் உயிர் மிரட்டலையும் கடுங்காய மிரட்டலையும்கூட ஏற்கிறது. போர்க்குற்றம் விசாரிக்கிற இடத்திலேயே அப்படி! இங்கே 1860-இல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் எழுதிய விதி, 2024 ஜூலை 1-இல் அமலான புதுச் சட்டத்தில் 94 என்ற எண்ணை 32 என்று மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. கொல்லனும் கூடவே வந்துவிட்டான்.

"அவருக்கு" உடனடி மரணம் என்று இருக்கும் இடத்தில் "அல்லது அவரைச் சார்ந்தவருக்கு" என்று சேர்த்தால் போதும். அடுத்த திருத்தத்திலாவது இதைச் செய்ய எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
பூட்டுத் தொழிலாளி ஒருவர்
(பேத்தியின் பொருட்டுப் பெயரை வெளியிட வேண்டாம்)